ஓரக் குழிகள்

மார்ச் 6, திங்கள்

ஷாந்தெல்லின் படம் இன்று ஆய்வகச் சுவரில் ஏறிவிட்டது. புராஸ்டேட் புற்றுச் செல்கள், பச்சையாக ஒளிர்கின்றன. பச்சை என்றால் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள். முள்சீத்தா இலைச் சாற்றின் நான்காம் பகுதி செய்த வேலை. இலையைப் பறித்தவள் நான். உலர்த்தியவள் நான். பதினோரு வருஷமாகச் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குப்பிகளில் அடைத்தவள் நான். அவள் வந்து ஏழு மாதம் ஆகிறது.

ஆய்வகத் தலைவர் டாக்டர் பினக் அவள் தோளைத் தட்டி, "கிங்ஸ்டனுக்கே பேர் வாங்கித் தரப்போறா பாருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோர்லீன், கையுறை தீந்துபோச்சு. ஆர்டர் போட்டுடுங்க."

போட்டேன்.

மார்ச் 9

அவளுக்கு முப்பத்தொன்று, டொராண்டோவில் வாங்கிய டாக்டர் பட்டம். எனக்கு நாற்பத்தாறு, பி.எஸ்சி. இதை ஏன் எழுதி வைக்கிறேன்? மறந்துவிடுவேன் என்றா?

மார்ச் 14, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

அவள் செல் வளர்த்த பழைய தட்டுகளைக் குப்பையில் போடப் போனபோது மூடியில் வரைபடம் ஒட்டியிருந்தது. தட்டுக்குத் தொண்ணூற்றாறு குழி. மருந்தின் உச்ச அளவை ஓரக் குழிகளில் விட்டிருக்கிறாள். மருந்து படாத செல்கள் நடுவில். நம் ஊர் வெக்கையில், கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில், ஓரக் குழிதான் முதலில் வற்றும். அதனால் இங்கே யாரும் ஓரத்தில் செல் வைப்பதில்லை, வெறும் தண்ணீர் விட்டுவிடுவோம். டொராண்டோவில் வற்றாது போலிருக்கிறது.

அப்படியென்றால் அவள் செல்கள் மருந்தால் சாகவில்லை. காய்ந்து செத்திருக்கின்றன!

புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியது நான்தான். நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 15

சொல்லவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

தம்பி லாய்டு வந்தான். புராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருக்கிறது. டாக்டரிடம் போகமாட்டானாம்.

"விரல விட்டுப் பாப்பானாம்! அதுக்கு நான் திரும்பிப் படுக்கணுமா? டாக்ஸி ஸ்டாண்டுல எவன் மூஞ்சிலக்கா முழிப்பேன்?"

"ஸ்டாண்டுல போய் நீதான் சொல்லப்போறியா?"

"அதான் இலையக் காய்ச்சிக் குடிக்கிறேனே. உங்க புதுப் பொண்ணு ரேடியோவுல பேசினா. புத்துநோயக் கொல்லுதாமே."

"தட்டுல இருக்கற செல்லும் நீயும் ஒண்ணாடா? அந்த இலை என்னோடது! அவளோடது இல்ல!"

கத்திவிட்டேன். எதற்காகக் கத்தினேன்? அவன் உயிருக்காக இல்லை. அது எனக்குத் தெரியும்.

மார்ச் 25, சனி

சனிக்கிழமை செல்களுக்குத் தீனி போட நான் மட்டும்தான் வருவேன். அதே சோதனையை ஒழுங்காகச் செய்தேன். ஓரத்தில் தண்ணீர், மருந்து நடுக் குழிகளில். செல்கள் சாகாது. சாகாத செல்களை டாக்டர் பினக் மேசையில் கொண்டுபோய் வைப்பேன். பழக்கதோஷம், நோட்டில் எல்லாம் எழுதிவிட்டேன்: தேதி, தட்டு எண், மையில். ஆய்வக நோட்டில் அடிக்கலாம், கிழிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் எண் உண்டு.

மார்ச் 28

செத்துவிட்டன.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

எல்லார் வீட்டிலும் ஈஸ்டர் பன்னும் சீஸும். நான் இங்கே. மூன்றாம் முறை. நடுக் குழிகளில் அவ்வளவு பச்சை, அவள் படத்தைவிட அழகாக. அவளுக்கே தெரியாமல் அவள் சொன்னது சரி.

புற்றுச் செல் சாகிறது, நான் உட்கார்ந்து அழுகிறேன். என்ன பொம்பள நான்?

நான்காம் குப்பியில் ஒரு சொட்டும் மிச்சமில்லை.

ஏப்ரல் 22, சனி

மாநாடு. அவள் மஞ்சள் உடுப்பில். எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கடைசிப் படத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ், பொடி எழுத்தில் என் பெயர். கணினி பழுது பார்ப்பவருக்கு அடுத்து.

மே 15, திங்கள்

ஷாந்தெல் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்தவர் கேட்டுவிட்டார்: உச்ச அளவு ஏன் ஓரக் குழிகளில்? வற்றிப்போயிருக்காதா? பதில் சொல்ல மூன்று வாரம்.

மே 16, செவ்வாய்

குளிர் அறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"நாலாம் குப்பி காலியா இருக்கு மிஸ் நோர்லீன். யாரு எடுத்தாங்களோ. புதுசாப் பிரிக்க ரெண்டு மாசமாவது ஆகும். நான் ஏமாத்துனேன்னுதானே நெனைப்பாங்க?"

போய் என் நோட்டை எடுத்துவந்து பிரித்து வைத்தேன். வாசிக்க வாசிக்க அவள் முகம் மலர்ந்தது.

"நடுக் குழியில... மூணு தடவை! ஐயோ மிஸ் நோர்லீன், என்னைக் காப்பாத்திட்டீங்க!"

அப்புறம் அவள் விரல் பக்கத்தின் தலையில் போய் நின்றது. தேதி.

"இது மார்ச்சு. நான் மேடையில பேசினது ஏப்ரல்."

"ஆமா."

"ஓரத்துல வச்சது தப்புன்னு அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"ஒம்பது வாரமா."

"தப்பாப் போகணும்னுதான் செஞ்சு பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள் — நம்பத்தான் பார்த்தாள்.

"ஆமா," என்றேன்.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மே 27

லாய்டைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். பரிசோதனை இரண்டு நிமிஷம். சதை எடுத்துப் பார்த்தபின் தெரியும்.

ஜூலை 3, திங்கள்

லாய்டுக்குப் புற்றுதான். ஆரம்ப நிலை, அறுத்து எடுத்துவிடலாமாம். இலைத் தண்ணீரை நிறுத்திவிட்டான்.

கட்டுரை ஏற்கப்பட்டது. ஷாந்தெல் தன் இழுப்பறைக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறாள். இந்த ஆய்வகத்தில் இதுவரை யாரும் எதையும் பூட்டியதில்லை. இருந்தும் என் பெயரை அவள்தான் போட்டிருக்கிறாள், இரண்டாவதாக, முழுப் பெயராக. முதல் பக்கத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஆளில்லாத நேரம் பார்த்துப் பத்து முறையாவது போய் நின்றிருப்பேன். பத்து முறையும் அவள் பெயரைத்தான் முதலில் படித்தேன்.