கூனனின் பிள்ளைகள்

பிப்ரவரி 6
இரண்டாம் தொட்டியில் மறுபடியும் முதுகு வளைந்த குஞ்சுகள். இந்த மீன்கள் வாழ்ந்த ஏரி இப்போது இல்லை. உலகத்தில் இவை மிஞ்சியிருப்பது மீன்காட்சியகத்தின் பின்னறையில், இந்த இரண்டு தொட்டிகளில்தான். நோய்க்குப் பயந்து இரண்டையும் கலப்பதே இல்லை. வலைகூடத் தனித்தனி. அந்த எச்சரிக்கையே ஒவ்வொரு தொட்டியையும் ஒரே குடும்பமாக்கிவிட்டதோ?

பிப்ரவரி 9
கூட்டத்தில் மேலாளர்: "வளைஞ்சதையெல்லாம் எடுத்துடுங்க சார். நல்லது மட்டும் பெருகட்டும்."
கல்லூரியில் மரபியல் நடத்தி ஓய்வு பெற்ற என்னை ஆலோசகர் என்று வைத்திருக்கிறார்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது: பழுதான மரபணு நேரான மீன்களுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் முதுகு வளையும். வளைந்தவற்றைக் கொன்றால் பழுது போகாது, மீன்கள்தான் குறையும். இரண்டு தொட்டிகளுக்கும் இடையே ஆண் மீன்களை மாற்றி விடுவதே வழி.
நான் சொன்னது: "பார்க்கலாம் சார்."

பிப்ரவரி 10
வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். "அங்க சொல்ல வேண்டியத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள் மனைவி.

பிப்ரவரி 12
வளைந்தவற்றை எடுத்தாயிற்று. ஒன்றை மட்டும் — ஓர் ஆண் — அகலமான பேசினில் விட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். முதுகுதானே பழுது? அதனிடம் உள்ள மற்ற மரபணுக்கள் வேறெந்த மீனிலும் இல்லாமல் போகலாம். தொட்டி கழுவும் அம்மா பார்த்துவிட்டார்.
"கூனன் அப்படியே உங்கள மாதிரி ஐயா. முதுகும் வளைவு, வாயும் தொறக்க மாட்டான்."
சிரித்து வைத்தேன். ஆண்களை மாற்றுவது பற்றி அடுத்த வாரம் கட்டாயம் பேச வேண்டும்.

மார்ச் 3
இன்னும் பேசவில்லை.

மார்ச் 8
நேற்று இரவு மின்சாரம் போய்க் காற்றுப் பம்பு நின்றிருக்கிறது. காலையில் அந்த அம்மா வாசலிலேயே மறித்தார். "உள்ள போகாதீங்க ஐயா. மனசு தாங்காது."
இரண்டாம் தொட்டி மொத்தமும் மிதந்தது. முதல் தொட்டியில் சில பெண் மீன்கள் மட்டும் மிச்சம். வலுவானதா, நேரானதா என்று பார்த்தா சாவு வந்தது? கூட்டம் சிறுத்தால் தற்செயல்தான் எஜமான் — இதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதினேன்! ஆண் ஒன்றுகூட இல்லை. அன்றே மாற்றி விட்டிருந்தால் இரண்டாம் தொட்டியின் வம்சம் முதல் தொட்டியிலும் இருந்திருக்கும். வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே... என்ன மனுஷன் நான்?
பேசினில் தண்ணீர் ஆழமில்லை; பம்பு இல்லாமலே ஒரு மீனுக்கு மேல்காற்று போதும். கூனன் உயிரோடு இருந்தான்.

மார்ச் 9
அவனை முதல் தொட்டியில் விட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மே 2
குஞ்சுகள். எல்லாம் நேர். அந்தத் தாய்களிடம் இந்தப் பழுது இல்லை.
மேலாளர் பூரித்துப் போனார். "பாத்தீங்களா சார்? அன்னிக்கு வளைஞ்சத எடுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு! இது ஒண்ணு எப்படித் தப்புச்சு? இதையும் எடுத்துடுங்க."
"அவன்தான் சார் இதுங்க எல்லாத்துக்கும் அப்பா. எடுக்க மாட்டேன்."
என் குரல்தானா? வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.
தொட்டி முன்னால் நெடுநேரம் நின்றேன். நேராக, அழகாக நீந்துகின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் அவன் முதுகு ஒளிந்திருக்கிறது. இனி அண்ணனுக்குத் தங்கைதான் ஜோடி. வேறு யாரும் இல்லை.