பட்டியலில் ஏறாதது

செப்டம்பர் 3
முஃபிதே டீச்சர் வீட்டுச் சாமான் இன்று எங்கள் லாரியில் புர்சாவிலிருந்து இஸ்மிருக்குப் புறப்பட்டது. இருநூற்றுப் பதினான்கு பொருள், இருநூற்றுப் பதினான்கு எண், பக்கத்துக்குப் பக்கம் டீச்சரின் கையெழுத்து. நாற்காலிக் காலில் இருந்த கீறலைக்கூட விடவில்லை. புர்சாவில் வீடு மாற்றித் தருகிறோம் என்று லாரி ஓட்டுபவர்களில் பாதிப் பேருக்கு உரிமமே கிடையாது. சட்டப்படி பட்டியல் போடுகிறவள் நான். அதற்காக எனக்கு ‘காகித ராணி நெர்மின்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். அடுத்த மாதம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரு புகார் இல்லை.

செப்டம்பர் 4
வழியில், பாலிகேசிர் பக்கம் லாரிக்கு பிரேக் போய்விட்டது. வேறு லாரி அனுப்பி, எண்ணி எண்ணி மாற்றி ஏற்றினார்கள். ஒரு டீ கிளாஸ்கூட உடையவில்லை. என் ஆட்கள்.

செப்டம்பர் 6
டீச்சர் போன் செய்தார். “எல்லாம் வந்துச்சு மகளே. என் குர்ஆன் மட்டும் வரலை.”
பட்டியலைப் பார்த்தேன். எப்படி இருக்கும்? சோபாவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே அதற்கு ஒரு எண் போட யாருக்குக் கை வரும்? பெட்டியில் அடைக்கவும் மாட்டோம், தரையில் வைக்கவும் மாட்டோம். எங்கள் மேஸ்திரி துர்சுன்தான் அதைச் சுவரிலிருந்து எடுத்தான். முத்தமிட்டு, நெற்றியில் வைத்து, பூவேலை உறையோடு லாரி கேபினில் தலைக்கு மேலே மாட்டினான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.
லாரி மாற்றியபோது, எண் இருந்ததைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 7
பழுதான லாரி நிற்கிற பாலிகேசிர் பட்டறைக்கே துர்சுன் போய்ப் பார்த்தான். கேபினில் இல்லை. மெக்கானிக் ஏதோ கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாராம், போனை எடுப்பதில்லை.
“என்னை வேலைய விட்டு அனுப்பிருங்க அக்கா.”
“வாய மூடிட்டு டீயக் குடி.”

செப்டம்பர் 11
டீச்சர் புகார் கொடுத்துவிட்டார். அந்தக் குர்ஆனின் கடைசிப் பக்கத்தில்தான் அவர் குடும்பமே இருக்கிறது, பிறந்தவர்கள், இறந்தவர்கள் எல்லோரும். மகன் பிறந்த தேதியை எழுதியது அவர் கணவர். இரண்டு பேருமே இன்று இல்லை.
என் கொழுந்தன் இல்ஹான் ஆபீஸில் உட்கார்ந்து வழக்குப் பேசுகிறான்.
“பட்டியல்ல இருக்கா அண்ணி? இல்ல. டீச்சர் கையெழுத்து இருக்கா? இருக்கு. அப்ப சட்டப்படி அது நம்ம வண்டில ஏறவே இல்ல.”
“ஏறுனத என் கண்ணால பார்த்தேனே.”
“அதச் சொன்னா, பட்டியல் தப்புன்னு நாமளே ஒத்துக்கிற மாதிரி. உரிமம் போனா பன்னெண்டு குடும்பம் தெருவுல நிக்கும்.”
அவன் சொல்வது சரி. அதுதான் எரிச்சல். ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட காகிதம், இப்போது அந்த அம்மாவைப் பொய்க்காரி ஆக்கத்தான் உதவுமா? இதற்கா எழுதினேன்?

செப்டம்பர் 16
உரிம அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி பட்டியலை இரண்டு தடவை புரட்டினார். “இதுல இல்லையே. அப்ப நீங்க வாங்கலை, அப்படித்தானே?”
மேசைக்கு அடியில் இல்ஹான் என் காலை மிதித்தான்.
“வாங்கினோம்,” என்றேன். “என் கண் முன்னாலதான் ஏத்துனாங்க. எழுதாம விட்டது நான். தப்பு பட்டியல்ல இருக்கு, டீச்சர்கிட்ட இல்ல.”
அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தலை குனியவில்லை.

செப்டம்பர் 19
மெக்கானிக் பேசினார்!
“எண்ணெய்க் கையோட ஏறி இறங்குற வண்டி அக்கா அது. அதுல எப்படித் தொங்க விடுறது? கை கால் கழுவிட்டு, எடுத்துட்டுப் போய் மசூதி அலமாரில வச்சுட்டேன்.”
ஆக, எழுதாத நான், எண்ணாத ஆட்கள், இவர் — எல்லோரும் மரியாதை காட்டியே தொலைத்திருக்கிறோம்.
மதியமே பாலிகேசிர் போனேன். அலமாரியில் முப்பதுக்கு மேல் இருந்தன. பூவேலை உறையை யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கம் பார்த்தேன். பதினேழாவதில் டீச்சரின் மகன் இருந்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 20
நானே பஸ்ஸில் இஸ்மிருக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க நெஞ்சோடு பிடித்திருந்தேன், மடியில் இறக்கவில்லை. தோள் கழன்றுவிட்டது.
டீச்சர் வாங்கி முத்தமிட்டார். அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திறந்து, பேனா எடுத்து, என்னவோ எழுதினார். “படி மகளே,” என்றார்.
மகன் இறந்த தேதிக்குக் கீழே: ‘புர்சாவிலிருந்து இஸ்மிருக்கு. கொண்டுவந்தவள் நெர்மின்.’

அக்டோபர் 14
உரிமம் வந்துவிட்டது, கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதமும். இரண்டையும் ஒரே சுவரில் மாட்டச் சொன்னேன். இல்ஹான் முணுமுணுத்துக்கொண்டே ஆணி அடித்தான்.

அக்டோபர் 21
புதுப் பட்டியலோடு முதல் வீடு. ஒன்றாம் எண்ணுக்கு மேலே, எண்ணே இல்லாமல் ஒரு வரி அச்சடித்திருக்கிறேன்: ‘குர்ஆன் — யார் கையில்?’
காகிதம் என்றாலே ஓடி ஒளிகிற துர்சுன், கை கால் கழுவிவிட்டு வந்து என்னிடம் பேனாவைக் கேட்டான். நிதானமாகத் தன் பெயரை எழுதினான்.