விரலுக்குத் தெரிந்த ஸ்டாம்ப்புகள்

அக்டோபர் 12, சனி

ஆபீஸில் ஜனவரியில் கொடுத்த டைரி. அக்டோபரில் வந்து கிறுக்குகிறேன், மன்னிக்க வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் எழுத ஏதாவது இருக்கும் என்று அர்த்தமில்லை. பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

செங்கல்பட்டில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரை அப்பாவின் கண்களைத் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் பார்வையும் நிற்காது. நெம்மேலியில் வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்டாம்ப் ஆல்பத்தைக் கேட்டார்.

அக்டோபர் 20

மகாபலிபுரம் பக்கம் ஓட்டலில் அறை பெருக்கிய காலத்தில் அப்பா சேர்த்தவை. வெள்ளைக்காரர்கள் கிழித்துப் போட்ட கவர்களைத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்ப்பைப் பிரித்து, காயவைத்து எடுத்தவை. இப்போது கட்டைவிரலால் பார்க்கிறார். ஓரத்துப் பற்களை மெதுவாகத் தடவுகிறார்.

"இது சுவீடன். மையி தூக்கினு நிக்கும், தொட்டுப் பாரு."

தொட்டேன். ஆமாம், நிற்கிறது!

"கண்ணு போனா இன்னா, வெரலு கீதுல்ல?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

நவம்பர் 3

மழை, உப்புக் காற்று. ஆல்பப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிலவற்றில் பழுப்புப் புள்ளி. நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்தேன். கை வியர்வை பட்டால் ஸ்டாம்ப் கெடும் என்று போனில் படித்தேன். அப்பாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

நவம்பர் 9

பஸ்ஸில் நின்றே வந்தேன். வேறொன்றுமில்லை.

நவம்பர் 16

எப்படி எழுதுவது.

சாயங்காலம் வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். தெருமுனையில் ஜெசிந்தா அக்கா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அம்மாவே ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். எல்லாவற்றையும் பிரித்து, வெள்ளைத் தாளில் வரிசையாக அடுக்கி, லேமினேஷன்.

"கை பட்டா கெட்டுப்பூடும்னு நீதானடி சொன்ன? உன் டிகிரிய லேமினேஷன் போடல? பளபளன்னு கீது பாரு. இனிமே உங்கப்பன் இஸ்டத்துக்கு தொடலாம்."

அப்பா ஒரு தாளை மடியில் வைத்துத் தடவினார். மேலிருந்து கீழே, திரும்ப மேலே.

"எல்லாம் ஒண்ணாட்டம் கீது" என்றார்.

அம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாமே?

நவம்பர் 17

ஒரு மூலையை பிளேடால் பிரித்தேன். சுவீடன் இரண்டாகப் பிளந்தது. படம் பிளாஸ்டிக்கோடு போனது, வெறும் வெள்ளைத் தாள் என் விரலில். சென்னையில் ஸ்டாம்ப் சேகரிக்கும் ஒருவருக்கு போன் செய்தேன். "சூடு வச்சு ஒட்டினதா? விட்டுடும்மா. அவ்ளோதான்."

டிசம்பர் 1

அப்பா அம்மாவோடு பேசுவதில்லை. அவள் குரல் கேட்டால் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுகிறார். தட்டில் சோற்றைப் போட்டு என்னிடம் நீட்டுகிறாள். "நீ குடு. நான் போட்டன்னு சொல்லாத."

டிசம்பர் 14

டியூப்லைட் எரிகிறதா என்று அப்பா கேட்டார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

டிசம்பர் 25, கிறிஸ்துமஸ்

மாதா கோயிலுக்கு நான்தான் கைபிடித்து அழைத்துப் போனேன். அம்மா பின்னால் வந்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

இப்போது அப்பா நாற்காலியில் இருக்கிறார். எதிரில் தரையில் அம்மா. அவள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள். தினமும் இப்படித்தானாம். இன்றுதான் நான் பார்த்தேன்.

அப்பா, ஸ்டாம்ப்பு போச்சு, கண்ணும் போச்சு, எனக்குத் தெரியும். உங்கிட்ட நேர்ல கேக்க வாய் வரல. அம்மாவ ஒரே ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்புடுப்பா. அவ எதிர்லதான் உக்காந்துகினு கீறா.