கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துக் கடை

இன்று காலை நம் தெருமுனையில் என் பழைய ஸ்கூட்டர் பஞ்சராகிவிட்டது. மெக்கானிக் டியூபைத் தேய்த்துவிட்டு, சொல்யூஷன் டியூபின் மூடியைத் திருகினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். நீ போய் ஏழு மாதமாகிறது. ஆனாலும் திரும்பினேன்.

அப்போது நம் இருவருக்கும் பதினொரு வயது. தருமபுரியில் நம் தெருவுக்கு ஒரே வாடகைச் சைக்கிள் கடை. அதில் லேடீஸ் சைக்கிளும் ஒன்றே ஒன்று, சிவப்பு. பாலக்கோட்டு மாமா வீட்டில் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்த நாளிலிருந்து நீ கேட்கிறாய். கடைக்கார அண்ணன் தருவதில்லை.

“பொட்டப்புள்ள நீ உழுந்து கையக் கால ஒடச்சிக்கிட்டா, உங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது? வூட்டுக்குப் போ.”

மழை விட்ட ஒரு சனிக்கிழமைப் பிற்பகல், நீ அவர் எதிரில் போய் இடுப்பில் கைவைத்து நின்றாய்.

“கண்ணக் கட்டிக்கிட்டு, இந்தத் தெருவுல எந்தக் கடை முன்னால நிறுத்துனாலும் என்ன கடைன்னு சொல்லிடறேன். பத்துக் கடை. சொல்லிட்டா நாளைக்குப் பூரா அந்தச் சைக்கிளு எனக்கு.”

“சொல்லாட்டி?”

“இனிமே சைக்கிள்னு வாயே தொறக்கமாட்டேன்.”

ஒரு தப்புக்கு மன்னிப்பு, இரண்டாவது தப்பில் ஆட்டம் முடிந்தது என்று பேச்சானது. அண்ணன் கை காட்டும் கடைக்கு முன்னால் உன்னைக் கொண்டுபோய் நிறுத்துவதும், சரியா தப்பா என்று சொல்வதும் என் வேலை.

உன் தாவணியையே மடித்துக் கண்ணில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கப் பார்க்கிறேன். இல்லை, அந்த வயதில் நமக்குத் தாவணி ஏது? தையல்கடை பாய் கொடுத்த கறுப்புத் துணி அது.

மாவு மில், முறுக்குக் கடை, கருவாட்டுக் கடை என்று முதல் மூன்றையும் நான் நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டாய். வியாபாரத்தை விட்டுவிட்டுத் தெருவே நம் பின்னால் வந்தது. அப்போதுதான் பெரியவர்கள் கண் ஜாடையில் பேசிக்கொண்டார்கள். நான்காவதாக உன்னைத் தையல்கடை முன் நிறுத்தினேன். பாய் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். காபித்தூள் கடைக்காரர் வறுத்த சூட்டோடு ஒரு முறம் கொட்டையைக் கொண்டுவந்து உன் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

“காப்பிக் கடை!” என்றாய்.

தெரு கொல்லென்று சிரித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் விரல்கள் என் கையை அழுத்தின.

“தப்பு” என்றேன்.

“நீ யாரு பக்கம்டீ?” என்று பல்லைக் கடித்தாய்.

இன்னொரு தப்புக்கு இடமில்லை. எட்டாவது கடை வரைக்கும் நீ தப்பே செய்யவில்லை. ஒன்பதாவது உப்புக்கடை. மூட்டை மூட்டையாகக் கல் உப்பு. வாசனையும் இல்லை, சத்தமும் இல்லை. மறுபடியும் உன் கை என்னிடம் கெஞ்சியது. ஒரு சின்ன அழுத்து அழுத்தினால் போதும். நான் மரம்போல் நின்றேன். நீ நின்ற இடத்திலேயே வெறுங்காலை முன்னும் பின்னும் தேய்த்தாய். மழைக்காலத்தில் மூட்டைகள் கசிந்து அந்த வாசல் எப்போதும் ஈரமாக இருக்கும்.

“உப்புக்கடை! காலு சில்லுங்குது!”

அண்ணன் குதித்தார். “செல்லாது, செல்லாது! மூக்கால சொல்றதுன்னுதான பேச்சு? காலால சொன்னா எப்படி?”

தெரு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பாய்தான் கையைத் தூக்கினார். “அந்தப் புள்ளயக் கேளுங்கய்யா. சொந்தக் கூட்டாளிக்கே தப்புன்னு சொன்ன புள்ள அது.”

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். “கண்ணக் கட்டிக்கிட்டுச் சொல்றேன்னுதாங்க சொன்னா. மூக்குன்னு யாரும் சொல்லலீங்க.”

அண்ணன் யோசித்தார். தலையைச் சொறிந்தார். “ஆமா, சொல்லல” என்றார். தெரு போட்ட கூச்சலில், பத்தாவதாக நின்ற பூக்கடையை நீ சொன்னது யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் சைக்கிளை எடுத்தோம். நீ மிதித்தாய், நான் கேரியரில். கலெக்டர் ஆபீஸ் ரோட்டின் இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் விட்டாய். நான் அலறினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், “இப்பச் சொல்லுடீ, யாரு பக்கம்?” என்று காற்றில் கத்தினாய்.

முப்பது வருடம் நிருபராக எழுதினேன். என் செய்தி யாரையாவது சுட்ட நாளில் எல்லாம் நீ போன் செய்து கேட்ட முதல் கேள்வியும் அதுதான். நான் பதில் சொல்வதற்குள் சிரித்துவிடுவாய்.

பஞ்சர் ஒட்ட அரை மணி ஆகும் என்றார் மெக்கானிக். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, சுவர் ஓரமாக நம் தெருவில் நடந்தேன். “ஓரமாப் போங்கம்மா!” என்று பைக்கில் வந்த ஒருவன் திட்டிக்கொண்டு போனான். பேக்கரி, மருந்துக்கடை, பிரியாணிக் கடை என்று மூன்றையும் சரியாகச் சொன்னேன். நான்காவது இடத்தில் வாசனை இல்லை. பாதம் திடீரென்று சில்லிட்டது.

“உப்புக்கடை!” என்று உரக்கவே சொல்லிவிட்டேன்.

“உப்பாங்கம்மா? மளிகைக் கடை அந்தாண்ட இருக்குதுங்க” என்றது ஒரு பெண்குரல்.

கண்ணைத் திறந்தேன். செல்போன் கடை. திறந்திருந்த கண்ணாடிக் கதவு வழியாக ஏசிக் காற்று என் காலில் இறங்கிக்கொண்டிருந்தது. உப்புக்கடை இருந்தது இன்னும் இரண்டு கடை தள்ளி.

தப்புதான். பக்கத்தில் நீ நின்றிருந்தாலும் தப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒரு தப்புக்கு மன்னிப்பு உண்டு என்பது பேச்சு. கண்ணை மறுபடி மூடிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தேன்.