செப்புச் சதத்துப் பெண்ணின் கூந்தல்

1996 சனவரி 6, சனி. டோர்செட் பார்க்.
நாணயச் சங்கத்தில் மீண்டும் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். நாள், சனவரி 20. பொருள்: அமெரிக்கச் செப்புச் சதத்தின் முதல் வடிவங்கள். சென்ற மே மாதம் நான் பேசியபோது மூவர் உறங்கினர். "ஆண்டு எண்களைக் குறையுங்கள்" என்கிறார் செயலாளர். ஆண்டில்லாமல் என்ன வரலாறு? ஆயினும் இம்முறையும் உறங்கினால் இனி என்னை அழைக்கமாட்டார்கள். காட்சிக்கு என்னுடைய 1798ஆம் ஆண்டுச் சதத்தை வைப்பேன். காலம் ஏற்றிய கறுப்புத்தான் அதன் அழகு.

சனவரி 13, சனி.
பொங்கலுக்காக விளக்குகளைத் துலக்கிய என் மனைவி குணவதி, மேசையிலிருந்த சதத்தையும் பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். புதுக்குடம் போல மின்னுகிறது. நாணயம் சேர்ப்பவர் எவரும் இனி அதைத் திரும்பிப் பாரார். என்ன வேலை செய்து வைச்சிருக்கிறாள் உவள் — ஆரிட்டைச் சொல்லி அழ?
"ஊத்தையாக் கிடந்தது. நல்லதெண்டுதானே செய்தனான்" என்றாள்.

சனவரி 14, ஞாயிறு.
அவளுடன் பேசவில்லை.

சனவரி 16, செவ்வாய்.
தேநீரை வைத்துவிட்டுக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உந்தக் காசில இருக்கிற பிள்ளை ஆர்?"
என் நாணயங்களைப் பற்றி அவள் கேட்ட முதற் கேள்வி. தேய்க்கும்போதுதான் முகத்தைக் கண்டாளாம். 'சுதந்திரம்' என்பதன் உருவம் என்றேன். புத்தகத்தில், 1793இல் வந்த முதற் சதத்தின் படத்தையும் காட்டினேன்: முன்புறம் கூந்தல் பறக்கும் பெண், பின்புறம் சங்கிலி வளையம்.
"தலையை விரிச்சுப் போட்டுக்கொண்டு, பேயைக் கண்டவள் மாதிரி நிக்கிறாள். சுதந்திரமெண்டு பேரை வைச்சிட்டு ஆரும் சங்கிலி போடுவினமே?"
திகைத்துப்போனேன். 1793இல் ஒரு செய்தித்தாளும் ஏறத்தாழ இதையே எழுதியது: பெண் வெருண்டிருக்கிறாள்; சங்கிலி அபசகுனம். அவ்வாண்டே சங்கிலியை நீக்கி இலைமாலை பொறித்தார்கள். 1796இல் கூந்தலைக் கட்ட றிபன் வந்தது; என் சதத்தில் இருப்பதும் இந்தப் பெண்தான். அந்தப் படத்தையும் பார்த்தாள்.
"இப்பதான் ஆரோ தாய் பிடிச்சு இருத்தித் தலை இழுத்துக் கட்டி விட்டிருக்கிறா."

சனவரி 18, வியாழன்.
பேச்சைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டே ஆண்டு எண்கள். மனம் ஒப்பவில்லை, ஆனால் வாசிக்க நன்றாயிருக்கிறது.

சனவரி 20, சனி.
ஒருவரும் உறங்கவில்லை. குணவதி சொன்னவற்றை அவள் பெயரைச் சொல்லியே ஆங்கிலத்தில் கூறினேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். காட்சிக்குப் புத்தகப் படங்களே போதுமாயின. ஏப்ரலிலும் பேசவேண்டுமாம்.
பஸ்ஸில் கேட்டாள்: "அடுத்தது எந்தப் பொம்பிளை?"
1808இல் வந்தவளைப் பற்றி, வீடு சேரும்வரை சொன்னேன்.