போர்டுக்குக் கீழ எடுத்த போட்டோ

அன்பு மகளுக்கு அம்மா சொல்றது. நீயும் மாப்பிள்ளையும் பேரப்புள்ளைங்களும் சுகமா இருக்கணும். எவ்வளவு கோபம் வந்தாலும் மொதல்ல வாயில வர்றது அதுதான். இங்க அப்பாவுக்கு முட்டிவலி, எனக்கு உன்மேல கோபம், மத்தபடி நல்லா இருக்கோம். நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டுத் தையக்கார அக்கா எழுதுறாங்க. திட்டுற எடத்துல கொறைச்சு எழுதாதீங்கன்னு சொல்லிட்டேன், முடிச்சதும் வாசிச்சும் காட்டணும். நம்ம குழந்தைங்க இல்லத்து மாடிவேலை முடியப்போவுது. நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே நாளைக்கு மேஸ்திரின்னு பேர் வாங்கினாரே, அவரே ஜன்னல் வச்சுட்டாரு. ஒண்ணு மட்டும் சாஞ்சு நிக்குது. கேட்டா, தலையக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்கம்மா, நேராத் தெரியும்ங்கிறாரு. அங்க உங்க சர்ச் சபைக்காரங்க அனுப்பின கட்டிலும் வந்து எறங்கிருச்சு. நல்ல மனசுக்காரங்க, இல்லன்னு சொல்லமாட்டேன். எதையோ சொல்ல வந்து எங்கயோ போயிட்டேன்.

நீ லீவுல வந்தப்போ இல்லத்துப் புள்ளைங்கள வாசல் போர்டுக்குக் கீழ நிறுத்தி போட்டோ எடுத்தியே, நான் அப்பவே வேணாம்னேன். சபை ஹால்ல மாட்டத்தாம்மா, நம்ம ஆளுங்க மட்டுந்தான் பாப்பாங்கன்ன. உங்க பாதிரியார் அத ஒலகமே பாக்குற மாதிரி போன்ல போட்டிருக்காரு. முன்வரிசையில நம்ம ரெட்டைச்சடை. பெத்தவன் அடிக்கு பயந்து, குழந்தைங்க நல அதிகாரியம்மா கையப் புடிச்சு யாருக்கும் தெரியாம இங்க வந்து சேந்த புள்ள. அவ தலைக்கு மேல இல்லத்துப் பேரும் தெருப்பேரும். செவ்வாக்கிழமை அவன் வந்து கேட்டுக்கு வெளிய நிக்கிறான், கையில அந்தப் படம். எம்பொண்ணக் காட்டித்தானே காசு வாங்குறீங்க, எனக்குக் காட்ட மட்டும் என்னவாம்ங்கிறான். அவன் எவ்வளவு கேவலமானவனாவும் இருக்கட்டும்டி, அப்படிக் கேக்க அவனுக்கு நாமதான் எடம் குடுத்தோம். சமையக்காரம்மாதான் கேட்ட சாத்தி அதுமேல முதுக சாச்சு நின்னுட்டு, என்னைத் தள்ளணும்னா லாரி கொண்டாடான்னாங்க. போலீஸ் வர்ற வரைக்கும் அசையல. புள்ள சாமான் அறையில டிரம்முக்குப் பின்னாடி சுருண்டு கெடந்தா.

போன்ல உன்கிட்ட சொன்னா, படம் போட்டதாலதாம்மா கட்டில் வந்துச்சுங்கிற. அந்தக் கட்டில்ல படுக்கவேண்டியவ இப்ப இங்க இல்ல. அதிகாரியம்மா வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு எனக்கும் சொல்லல, சொல்லவும் கூடாது. போகும்போது, நான் போட்டோவுல சிரிச்சதாலயா பெரியம்மான்னு கேட்டா. சிரிச்சது தப்பில்ல கண்ணுன்னேன். எடுத்தது யாருன்னு அவ கேக்கல. கேட்டிருந்தா உன்னைத்தான் கைகாட்டியிருப்பேன்.

பாதிரியாருக்கு எழுதிக்கிட்டிருக்காத, நேர்ல போய் நின்னு படத்த அழிக்கச் சொல்லு. சபைக்காரங்க வரட்டும், புள்ளைங்களோட உக்காந்து சாப்பிடட்டும், கேமரா வாசலத் தாண்டக்கூடாது. அதுக்கு ஒத்துக்கலன்னா அவங்க காசே வேணாம், மாடி பூசாமயே கெடக்கட்டும். பேரப்புள்ளைங்களக் குளிருல காதை மூடி அனுப்பு. கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும், கூடவே கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். படத்த அழிச்சாச்சுன்னு சொல்ற வரைக்கும் போன் பண்ணாத. பண்ணினா எடுப்பேன், பேசமாட்டேன்.

கோபம் ஆறாத,
உன் அம்மா