பெட்டியைத் திறந்த வாரம்

16.9, புதன்

வெயில் மண்டையைப் பிளந்தது. கள்ளக்குறிச்சியில் மாதக் கூட்டம். பால்வாடி டீச்சர்கள் எல்லாரும் தரையில், சூ.மே. மட்டும் நாற்காலியில். (சூ.மே. = சூப்பர்வைசர் மேடம். முழுசாக எழுதும் அளவுக்கு அந்தம்மா மேல் எனக்குப் பிரியம் இல்லை.)

இந்த மாதமும் பாராட்டு மும்தாஜுக்கு. பிள்ளைகள் விளையாட அரசாங்கம் கொடுத்த மரப் பொம்மைகளைக் கவர்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறாளாம். வைக்காமல்? வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை, கவருக்கா பஞ்சம்! கை தட்டினோம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே. பொறாமை வெளியே தெரியக் கூடாதே. என் பொம்மைகளும் ட்ரங்குப் பெட்டியில், அந்துருண்டை போட்டு, பூட்டித்தான். சூ.மே. ஜீப் வந்தால் வெளியே, ஜீப் போனால் உள்ளே. எனக்கென்ன குறைச்சல்?

சூ.மே. மிரட்டல்: "ஒண்ணு ஒடைஞ்சாலும் கல்வராயன் மலைக்குத் தூக்கிடுவேன்." பார்வை என் மேல். போன வருஷம் ஒரு டீச்சரை நிஜமாகவே மலைக்கு மாற்றினார்கள். ஒரு சொப்புக்கு.

வாங்கியது: சீயக்காய், மகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். மறந்தது: வீட்டுக்காரருக்கு மூக்குப்பொடி. திட்டு.

18.9, வெள்ளி

நேற்று மழை. பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல், ரோடு பூரா வெட்டிப் போட்ட புளியமரம். ரேடியோ செய்தியைப் பாதியில் அணைத்துவிட்டேன். எழுத மனசில்லை. பெரிய பள்ளிக்கூடம் மூடியாச்சு. பால்வாடி மட்டும் நிரம்பி வழியுது. மறியலுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை என் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

பருப்பு வேகலை. சமையல் அஞ்சலை, "வெறகு ஈரமாக்கீது டீச்சர். எதுனா பாடிக்கினு இருங்க." பாடினேன். அழுகை ஜாஸ்தியாச்சு. என் குரல் அப்படி.

வேறு வழி? பெட்டியைத் திறந்தேன். சூ.மே. எப்படியும் வர முடியாது.

ஒரு பிள்ளைகூடத் தொடலை. அத்தனையும் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பொம்மையையே பார்த்தபடி. நான் பழக்கினதுதான். செல்வி மட்டும் மெதுவாக: "டீச்சர், ஜீப்பு வருதா?"

என்னவோ மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் என்று கையெழுத்துப் போட்டு, இத்தனை வருஷம் பொம்மைக்கு வாட்ச்மேன் வேலை பார்த்திருக்கிறேன்.

"ஜீப்பு வராதுடி. எடுங்க. அடிச்சிக்காம வெளயாடுங்க."

அடித்துக்கொண்டார்கள்.

21.9, திங்கள்

ரோடு அப்படியே. பிள்ளைகளின் புது விளையாட்டு: மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, மர பஸ்ஸை நிறுத்தி, "பஸ்ஸு போவாது! எறங்கு எறங்கு!" தலைவர், வாயே திறக்காத முருகன். செல்வி பஞ்சாயத்து: "உள்ள புள்ளத்தாச்சி கீது, வுடுடா." விட்டான். இப்படியெல்லாம் நடக்கும் என்று பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லலை. (தூங்கியிருப்பேன்.)

மதியம் மர யானைக்கு ஒரு கால் போச்சு.

அஞ்சலை: "அவ்ளோதான் டீச்சர். முடிஞ்சிது நம்ம கதை."

கோந்து போட்டு ஒட்டினேன். நொண்டுது. வீட்டுக்காரர், "மலைத்தேனு நல்லா இருக்குமாம். லீவுக்கு வரப்போ கொண்டா." சிரிப்பு வரலை. மகள் பத்தாவது. அவளை யாரிடம் விட்டுவிட்டு மலை ஏறுவேன்?

22.9, செவ்வாய்

இன்றோடு பூட்டிவிடுவதாக முடிவு செய்துதான் போனேன். எனக்கு முன்னாடியே வந்து பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள் செல்வி. "தொற டீச்சர், நேரமாவுது."

பூட்டலை.

25.9, வெள்ளி

மரங்களை இழுத்துப் போட்டாச்சு. ஆனால் ஊர் பாலம் உடைஞ்சு கிடக்கு, ஜீப் வராது. அந்தத் தைரியத்தில் இருந்தேன். நடந்தே வந்துவிட்டார்கள்! சூ.மே., கூடவே மாவட்டத்துப் புது ஆபீசரம்மா. புடவையெல்லாம் சேறு, செருப்பு கையில்.

உள்ளே கால் வைத்ததும் முருகன், "போவாது! எறங்கு!"

ஆபீசரம்மா: "எறங்கித்தாம்பா நடந்து வரேன்."

"அப்ப சரி, போ."

சூ.மே. முகம் காய்ந்த எண்ணெய்ச் சட்டி. "இன்னா டீச்சர் இது, சந்தையா? யானைக் காலு இன்னாச்சு? மேடம், இவங்களை மலைக்குப் போட்டாத்தான் சரிப்படும்."

வாய் வழக்கம்போல என்னைக் கேட்காமல் திறந்தது. "போடுங்க மேடம். அங்கயும் பெட்டி இருக்குமில்ல, அதையும் தொறந்துடறேன். புள்ளைங்க கை படாத பொம்மைக்கு டீச்சர் எதுக்கு? ஒரு பூட்டு போதுமே."

அஞ்சலை கரண்டியைத் தூக்கினபடி அப்படியே நிற்கிறாள்.

ஆபீசரம்மா யானையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "நான் போன சென்டர்ல எல்லாம் பொம்மை பளபளன்னு இருக்கு. புள்ளைங்கதான் பேச மாட்டேங்குது." பிறகு சூ.மே. பக்கம் திரும்பி, "வெளயாடி ஒடைஞ்சா தேய்மானம்னு கழிச்சிடுங்க. அதுக்காக யாரையும் மாத்தக்கூடாது. அடுத்த கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க."

நீங்களே!

மதியம் எனக்கு நானே இன்னொரு கரண்டி சாதம். வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர்: "அப்ப தேனு?"

5.10, திங்கள்

தூறல். கூட்டம். சூ.மே. அதைச் சொன்ன அழகைப் பார்க்கணுமே, வேப்பெண்ணெய் குடித்த வாய். முதலில் யாருக்கும் புரியலை. புரிந்ததும் தரையில் இருந்த கூட்டம் தட்டின தட்டு! "அப்ப சொப்புக்கு மலைக்குப் போனவள எறக்குங்க" என்று பின்னாடியிலிருந்து ஒரு குரல். (குரல் என்னது. தலையைக் குனிந்துகொண்டேன்.) ஆமா ஆமா என்று எல்லாரும். "எழுதி அனுப்பறேன்" என்றார் சூ.மே. அனுப்பலையா, நாங்கள் எழுதுவோம்.

பஸ் ஸ்டாண்டில் மும்தாஜ் ஓரமாக இழுத்தாள். "அக்கா, உங்க சேதி கேட்டு சனிக்கிழமையே கவரைப் பிரிச்சிட்டேன். ஒரே ரகளை. ஒருத்தன் இன்னொருத்தனைக் கடிச்சிட்டான். எனக்குப் பழக்கமில்லக்கா. கடிச்சா இன்னா பண்றது?"

எனக்கே பழக்கம் ரெண்டு வாரம்தான். சொன்னேனா? இடுப்பில் கை வைத்து ஆரம்பித்துவிட்டேன். அதட்டணும் என்றேன். தூக்கி வச்சுக்கணும் என்றாள் ஒருத்தி. ரெண்டும் தப்பு என்றாள் இன்னொருத்தி. சுற்றி டீச்சர் கூட்டம். இத்தனை வருஷத்தில் அந்த பஸ் ஸ்டாண்டில் சேலை, சீட்டு, மாமியார் தவிர நாங்கள் வேறு எதையும் பேசினதில்லை.

நான் ஏற வேண்டிய எலவனாசூர்கோட்டை பஸ் போச்சு. அடுத்ததும் கிளம்புது. கண்டக்டர், "டீச்சருங்களா, ஏறுறீங்களா இல்லியா?"

"நீ போப்பா," என்றாள் மும்தாஜ். "கடிக்கிற புள்ளைக்கு இன்னும் வழி தெரியல."